தாழ்வாரம், கழிப்பறை, வாடகை: ஹென்றி டார்பிஷயர் கட்டிய லண்டன்

1864 பிப்ரவரி 29 அன்று கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில், சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே 57 குடித்தனங்கள். கீழே தெருவைப் பார்த்தபடி ஒன்பது கடைகள், கடைக்காரர்கள் தங்க இடம். மேல் மாடியில் குளியலறைகளும் துணி துவைக்கும் கூடமும். செலவு 22,000 பவுண்டு. பணம் கொடுத்தவர் ஜார்ஜ் பீபாடி. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் பிறந்து, லண்டனில் வங்கித் தொழில் நடத்திச் செல்வம் சேர்த்தவர். 1862-ல் அவர் கொடுத்த 1,50,000 பவுண்டு, 1869-ல் அவர் இறந்தபின் உயில் பணமும் சேர்ந்து 5,00,000 ஆயிற்று. கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி ஆஸ்ட்லி டார்பிஷயர் (1825–1899). 1885-ல் ஓய்வு பெறும்வரை பீபாடி அறக்கட்டளையின் கட்டடக் கலைஞர் அவர்தான். ஒரே வகைக் கட்டடத்தைச் சிறு சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பக் கட்டிய தொழில் வாழ்க்கை அது.

பீபாடி கட்டடங்களைச் சிறைச்சாலை, படைக் கொட்டடி என்று திட்டுவது லண்டனில் வழக்கம். கட்டடக்கலை வரலாறு எழுதியவர்களும் டார்பிஷயரை அதிகம் மதித்ததில்லை. அவருக்கு அழகாகக் கட்டத் தெரியாது என்று நினைத்தால் அது தவறு. ஹைகேட்டில் 1865-ல் அவர் கட்டிய ஹாலி வில்லேஜைப் பார்த்தால் போதும்: கோதிக் எனும் பழைய தேவாலயப் பாணிக் கூரைகள், மரச் செதுக்கு வேலை, கல்லில் சிற்பம் என்று பணத்தைக் கொட்டிச் செய்த வேலை. அதே ஆண்டு, அதே ஆள், இஸ்லிங்டனில் கட்டியது அலங்காரம் வழித்தெடுக்கப்பட்ட மொட்டைச் சுவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு வாடகைக் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கட்டடத்தின் 22,000 பவுண்டை, கடைகளையும் சேர்த்து 66 பங்காகப் பிரித்தால் பங்குக்கு 333 பவுண்டு வருகிறது. அறங்காவலர்கள் முதலீட்டுக்கு எதிர்பார்த்த வருமானம் 3 சதவீதம். அது லாபமாக யார் கைக்கும் போகாது. அடுத்த கட்டடத்துக்கு முதலாகும். 333 பவுண்டுக்கு 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10 பவுண்டு. பவுண்டுக்கு 20 ஷில்லிங் வீதம் வாரத்துக்கு நாலு ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவு. வரி, தண்ணீர், எரிவாயு விளக்கு, பழுது பார்ப்பு, மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் போக மிஞ்ச வேண்டிய தொகை இது. வாங்கிய வாடகையோ ஓர் அறைக்கு இரண்டரை ஷில்லிங், இரண்டு அறைக்கு நாலு, மூன்று அறைக்கு ஐந்து. கடை வாடகை கொஞ்சம் கைகொடுத்திருக்கும். ஆனாலும் கணக்கு இடிக்கிறது. வாடகையை ஏற்றினால் யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் வரமாட்டார்கள். ஆகவே கட்டுமானச் செலவைத்தான் குறைக்க வேண்டும். டார்பிஷயர் பிற்பாடு எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் வந்து நிற்கும்.

ஏழைகளுக்கு மாடிக் குடியிருப்பு கட்டுவதில் அவர் முதல் ஆள் இல்லை. ஹென்றி ராபர்ட்ஸ் என்பவர் 1850-லேயே ப்ளூம்ஸ்பரியின் ஸ்ட்ரீதம் ஸ்ட்ரீட்டில் ஒரு மாதிரிக் குடியிருப்பைக் கட்டி முடித்திருந்தார். அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அப்போது சன்னல் வரி இருந்தது. ஒரு வீட்டுக்குச் சன்னல் கூடக்கூட வரியும் கூடும். பெரிய கட்டடம் முழுவதையும் ஒரே வீடாகக் கணக்கிட்டால் வரி எகிறிவிடும். ராபர்ட்ஸ் மாடிதோறும் வெளிப்புறமாகத் திறந்த நடைபாதை அமைத்து, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அதிலிருந்து தனி வாசல் வைத்தார். இனி ஒவ்வொன்றும் தனி வீடு, வரி விழாது. உபரியாகக் காற்றோட்டமும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1851-ல், சன்னல் வரி ஒழிக்கப்பட்டது.

டார்பிஷயருக்கு இந்த வேலையில் கைப்பழக்கம் வந்தது பெரும் செல்வச் சீமாட்டியான ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸிடம். பெத்னல் கிரீனில் நோவா ஸ்கோஷியா கார்டன்ஸ் என்று ஒரு சேரி. பெரிய குப்பைமேடு இருந்த இடம். 1831-ல் பிணங்களை மருத்துவப் பள்ளிகளுக்கு விற்பதற்காகவே ஆட்களைக் கொன்ற கும்பல் குடியிருந்து, ஊரெல்லாம் பெயர் கெட்ட இடம். அதை அந்தச் சீமாட்டி வாங்கி அகற்றினார். அங்கே 1859-க்கும் 1862-க்கும் இடையில் நான்கு கட்டடங்களாகச் சுமார் 180 குடித்தனங்கள் கொண்ட கொலம்பியா ஸ்கொயர் டார்பிஷயரின் வரைபடப்படி எழுந்தது. மேல் மாடி முழுவதும் துவைக்கவும் உலர்த்தவும். பீபாடியின் அறங்காவலர்கள் ஆள் தேடியபோது, ஏழைகளுக்குக் கட்டி அனுபவம் உள்ளவராக டார்பிஷயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

பக்கத்திலேயே அதே சீமாட்டிக்காக 1869-ல் அவர் கட்டிக் கொடுத்த கொலம்பியா மார்க்கெட் வேறு கதை. சுமார் 2,00,000 பவுண்டு செலவில், தேவாலயம் போன்ற கோதிக் மண்டபத்தில் காய்கறியும் மீனும் விற்கத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது, கெட்ட வார்த்தை கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. கிழக்கு லண்டன் தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஞாயிறுதான் நல்ல வியாபாரம். அவர்கள் தெருவிலேயே நின்றார்கள். சந்தை 1880-களின் நடுவில் மூடப்பட்டு, 1960 வாக்கில் இடிக்கப்பட்டது. ஏழைகளுக்குச் செய்யும் கட்டடத்தில் எவ்வளவு கலைநயம் தாங்கும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் கிடைத்திருக்காது.

பீபாடி வகை என்று நாம் இன்று அடையாளம் காண்பது 1865-ல் இஸ்லிங்டனில், கிரீன்மேன் ஸ்ட்ரீட் அருகே உருவானது. தெருவை ஒட்டிய ஒற்றைக் கட்டடம் போய், நடுவில் முற்றம் விட்டு அதைச் சுற்றி ஐந்து மாடியில் நான்கு தனித்தனிக் கட்டடங்கள், 155 குடித்தனங்கள். கடைகள் கிடையாது. சிவப்புச் செங்கல்லுக்குப் பதில் வெளிறிய மஞ்சள் செங்கல். கட்டடங்களைத் தனித்தனியே நிறுத்தியதால் மூலைகளில் காற்று தேங்காமல் ஓடும். எல்லா அறைக்கும் நேரடி வெளிச்சம் உண்டு. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடலாம். இரவில் வெளிக்கதவைச் சாத்திவிடலாம். காற்றும் கண்காணிப்பும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன.

உள்ளே போனால் நடுவில் ஒரு நீண்ட தாழ்வாரம், இரு பக்கமும் அறைகள். கூரைமேல் தொட்டிகள், அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும். குப்பையைப் போட ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒரு வாய். அதில் போட்டால் சுவருக்குள் இறங்கும் குழாய் வழியே நேராக நிலவறைக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து வண்டியில் ஏற்றுவார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து சாம்பல் கூடையை யாரும் சுமந்து இறங்க வேண்டியதில்லை. நிலக்கரி அடுப்பு எரிந்த காலத்தில், வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சாம்பல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். சமைக்கும் அறையின் கணப்பிலேயே ஓர் அடுப்புப் பெட்டியும் வெந்நீர்க் கொப்பரையும் பொருத்தப்பட்டிருந்தன. அலமாரிகள் சுவரோடு கட்டப்பட்டவை. தாழ்வார விளக்குக்குக் குடியிருப்போர் காசு தர வேண்டாம், குளியலும் இலவசம்.

துவைக்கும் கூடத்தை மேல் மாடிக்குக் கொண்டுபோனதில் ஒரு மருத்துவக் கவலை இருந்தது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், கணப்புக்கு முன்னால் கொடி கட்டி ஈரத்துணி போட்டால் சுவரெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், படுக்கை நமத்துப்போகும். துவைப்பதையே வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. விலை என்னவென்றால், வாடகைக்கு விடக்கூடிய ஒரு மாடி கையைவிட்டுப் போகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கீழ் மாடிக்காரி அழுக்குத்துணி மூட்டையோடு படியேற வேண்டியிருக்கிறது.

சுவர்கள்தான் பார்த்தவர்களை அதிகம் உறுத்தியவை. அறைக்குள்ளும் பூச்சு வேலை இல்லை. செங்கல் மேல் நேரடியாகச் சாயம். சுவர்த்தாள் ஒட்டக்கூடாது, வண்ணம் அடிக்கக்கூடாது, ஆணி அறையக்கூடாது. இதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பழைய லண்டன் வீடுகளில் மூட்டைப்பூச்சி குடியிருந்தது சுவர்த்தாளுக்குப் பின்னாலும், பெயர்ந்த பூச்சின் இடுக்கிலும்தான். புதுக் குடித்தனக்காரர் பழைய தாளின் மேலேயே புதுத் தாளை ஒட்டுவார். பசை பூச்சிக்கு வசதி. பூச்சும் தாளும் இல்லாத சுவரில் பூச்சி ஒளிய இடம் குறைவு, வீடு மாறும்போது கழுவிச் சாயம் அடித்துவிட்டால் முடிந்தது வேலை. எல்லாம் சரி. ஆனால் ஒரு படம் மாட்ட முடியாத சுவரைச் சொந்த வீட்டுச் சுவராக யார் நினைப்பார்கள்? சிறைச்சாலை என்ற பெயர் வெளித்தோற்றத்தால் மட்டும் வந்ததல்ல.

டார்பிஷயரின் முடிவுகளில் அதிக விவாதத்துக்கு உள்ளானது கழிப்பறை. முதல் கட்டடத்தில் இரண்டு குடித்தனத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அவற்றை மாடிப்படி அருகே ஜோடி ஜோடியாக வைத்தார். பின்னர் வந்தவற்றிலும் கழிப்பறையும் கழுவுதொட்டியும் வீட்டுக்கு வெளியே, பொதுவில்தான். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் சங்கடங்களை விளக்க வேண்டியதில்லை: யார் கழுவுவது, யார் அடைத்தது, ராத்திரி யார் விளக்கெடுத்துக்கொண்டு போவது.

ஏன் அப்படிச் செய்தார்? முதல் காரணம் பயம். கெட்ட காற்றுதான் நோய் பரப்புகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. லண்டனின் பெருஞ்சாக்கடை வேலை 1859-ல்தான் தொடங்கியிருந்தது. சாக்கடைக் குழாய் வீட்டுக்குள் வந்தால் அதோடு நாற்றமும் வரும். அதைத் தடுப்பது வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே. மேல் மாடியில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, அது இறங்கும் வேகத்தில் கீழ் மாடிக் குழாயின் தண்ணீர் உறிஞ்சப்பட்டால் தடுப்பு போயிற்று. குழாய்க்குக் காற்றுப்போக்கி வைக்கும் முறை முதிர்ச்சி அடைந்தது பிற்பாடுதான். இரண்டாவது காரணம் பணம்: குழாய்களை ஒரே இடத்தில் செங்குத்தாக அடுக்கினால் குழாயின் நீளம் குறையும், வேலையும் குறையும். மூன்றாவது, பொதுவிடத்தில் இருந்தால் மேற்பார்வையாளர் தினமும் பார்க்கலாம், பழுது பார்க்க யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

அதே ஆண்டுகளில் சிட்னி வாட்டர்லோ என்பவர் இதற்கு நேர் எதிர்முடிவை எடுத்தார். 1863-ல் அவர் தொடங்கிய இம்ப்ரூவ்ட் இண்டஸ்ட்ரியல் டுவெல்லிங்ஸ் கம்பெனி, கட்டடக் கலைஞரையே ஒதுக்கிவிட்டு மேத்யூ ஆலன் என்ற கட்டட மேஸ்திரியை வைத்துக் கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் கழிப்பறை, அதனதன் கழுவுமிடம். பங்குதாரருக்கு 5 சதவீதம் லாபமும் கொடுத்தார்கள். மூன்று சதவீதத்தில் நடந்த தர்மக் கட்டடத்தில் பொதுக் கழிப்பறை, ஐந்து சதவீதத்தில் நடந்த கம்பெனிக் கட்டடத்தில் தனிக் கழிப்பறை. வாட்டர்லோவின் வாடகை அதிகம், வந்தவர்களும் ஓரளவு வசதிப்பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பொதுக் கழிப்பறை தவிர்க்க முடியாத விதி என்ற வாதம் அங்கே பலவீனப்பட்டுவிடுகிறது. டார்பிஷயர் குழாயை மட்டுமல்ல, குடியிருப்பவர்களையும் நம்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடுத்தாழ்வாரம் அவருடைய அசல் பிழை. இருபுறமும் அறைகள் இருந்தால் எந்தக் குடித்தனத்துக்கும் ஒரு பக்கம்தான் சன்னல். காற்று குறுக்கே ஓடாது. தாழ்வாரத்தில் பகலிலும் இருட்டு. ஒரு மாடியின் சமையல் நாற்றமும் சண்டைச் சத்தமும் எல்லா வீட்டுக்கும் பொது. அம்மையோ ஜுரமோ வந்தால், கடந்து போகாதவர் யாருமில்லை. இதை அவரே திருத்திக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாக்ஃபிரையர்ஸ் ரோட்டில், பழைய மேக்தலின் மருத்துவமனை இருந்த மனையில் 1871-ல் எழுந்த குடியிருப்பு தொடங்கி, நீண்ட தாழ்வாரம் போய், நடுவில் ஒரு மாடிப்படி, மாடிதோறும் அதைச் சுற்றிச் சில குடித்தனங்கள் என்ற சிறிய கட்டடம் வந்தது. இதை அச்சாக வைத்துக்கொண்டு மனையின் வடிவத்துக்கு ஏற்ப எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக வரையும் செலவு இல்லை. ஒப்பந்தக்காரருக்கும் எத்தனை செங்கல், எத்தனை சன்னல் என்பது மனப்பாடம்.

வரைபடத்தில் இல்லாத இன்னொரு சுவர், விதிமுறை. வாடகை முன்பணமாக, வாராவாரம், திங்கள் அல்லது செவ்வாய் காலை 9 முதல் மாலை 6-க்குள் மேற்பார்வையாளர் அறையில் கட்ட வேண்டும். பாக்கி என்ற பேச்சே கிடையாது. குடும்பத்தில் எல்லோரும் அம்மைத் தடுப்பு போட்டிருக்க வேண்டும், அல்லது போடச் சம்மதிக்க வேண்டும். நடைவழிகளைக் குடித்தனக்காரர்கள் முறைவைத்துத் தினமும் காலை 10 மணிக்குள் பெருக்கி, சனிக்கிழமை கழுவ வேண்டும். நாய் கூடாது. உள்வாடகை கூடாது. கடை நடத்தக்கூடாது. அடுத்தவர் துணியைக் கூலிக்கு வாங்கித் துவைக்கக்கூடாது. இரவு 11-க்கு விளக்கு அணைந்துவிடும். வெளிக்கதவு சாத்தப்படும், ஆளுக்கொரு சாவி உண்டு.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும் இந்த விதிகள், மொத்தமாகச் சேர்ந்து ஒரு சல்லடை ஆயின. தள்ளுவண்டிக்காரர் வண்டியையும் கழுதையையும் எங்கே நிறுத்துவார்? தீப்பெட்டி ஒட்டியும் துணி துவைத்தும் பிழைக்கும் விதவை என்ன செய்வாள்? துறைமுகக் கூலிக்கு இன்று வேலை உண்டு, நாளை இல்லை. அவரால் வாராவாரம் முன்பணம் கட்ட முடியாது. பீபாடி வீடுகளில் குடியேறியவர்கள் நிரந்தர வேலை உள்ளவர்கள். குடும்பத் தலைவரின் சராசரி வாரக் கூலி 23 ஷில்லிங் அளவில் இருந்தது. 1884–85-ல் தொழிலாளர் வீட்டுவசதி பற்றி விசாரித்த அரச ஆணையத்தின் முன்பும் இந்தக் குற்றச்சாட்டு வந்தது: ஏழைகளின் பெயரில் கொடுத்த பணம், ஏழைகளில் மேல்தட்டுக்குப் போகிறது. வாடகை தவறாமல் வந்தால்தான் மூன்று சதவீதம் நிற்கும், அது நின்றால்தான் அடுத்த கட்டடம் எழும் என்பது அறங்காவலர்கள் தரப்பு. இரண்டுமே உண்மை.

1875-ல் வந்த கிராஸ் சட்டம் டார்பிஷயரின் வேலையைப் பல மடங்காக்கியது. சேரியை அரசே கையகப்படுத்தி இடிக்கலாம். மனையைத் தொழிலாளர் வீடுகளுக்கே விற்க வேண்டும். வெளியேற்றப்பட்டவர்கள் எண்ணிக்கைக்கு ஈடாக வீடு எழ வேண்டும். சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. நஷ்டஈட்டை வீட்டின் வாடகை வருமானத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்தவனுக்கு வருமானம் அதிகம், ஆகவே நஷ்டஈடும் அதிகம். 1879-லும் 1882-லும் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. இப்படி யானை விலை கொடுத்து வாங்கிய மனைகளை, லண்டனின் அன்றைய நகரப் பணி நிர்வாகமான மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் ஏலம் விட்டது. தொழிலாளர் வீடு மட்டுமே கட்டலாம் என்ற நிபந்தனைக்குக் கேட்பவர் இல்லை. கடைசியில் பீபாடி அறக்கட்டளைதான் வாங்கியது, போர்டு கொடுத்த விலைக்கு வெகு கீழே.

மனை மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஆள் கணக்கை நிரப்பியாக வேண்டும். வைட்சேப்பல், டிரூரி லேன், கிரேட் வைல்ட் ஸ்ட்ரீட் என 1880-களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்த குடியிருப்புகளில் கட்டடங்கள் நெருங்கின, முற்றம் சுருங்கியது, மாடி ஆறு வரை உயர்ந்தது. 1882-க்குள் அறக்கட்டளையிடம் 3,500 வீடுகள், அவற்றில் 14,600 பேர். டார்பிஷயருக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தச் சில ஆண்டுகளின் கட்டடங்களால் வந்தது. இஸ்லிங்டன் முற்றத்தில் நின்று பார்ப்பவருக்கும் டிரூரி லேன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கும் ஒரே அபிப்பிராயம் வராது.

இவ்வளவு நெருக்கத்தில் ஜனங்கள் செத்துப்போவார்கள் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. மருத்துவர் ஆர்தர் நியூஸ்ஹோம் 1891-ல் பீபாடி குடியிருப்புகளின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து, ஏக்கருக்கு 700 பேருக்கு மேல் வாழ்ந்த அங்கே இறப்பு விகிதம் லண்டனின் பொது விகிதத்தைவிடக் குறைவு என்று காட்டினார். ஏக்கருக்கு எத்தனை பேர் என்பதைவிட அறைக்கு எத்தனை பேர், கழிவு எப்படி வெளியேறுகிறது, தண்ணீர் எப்படி வருகிறது என்பதே முக்கியம் என்று அதிலிருந்து தெரிந்தது. நிரந்தர வேலையும் ஒழுங்கான சாப்பாடும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துக் குடிவைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

எல்லோரும் மாடிக் கட்டடத்தை ஒத்துக்கொண்டதும் இல்லை. ஆக்டேவியா ஹில் 1865 முதல் மேரில்போனில் பழைய சிறு வீடுகளை வாங்கி, ஓட்டை உடைசலை அடைத்து, வாராவாரம் தானே போய் வாடகை வாங்கி நடத்தினார். இருப்பதைச் சரிசெய்தால் செலவு குறைவு, விரட்டப்படுபவரும் குறைவு என்பது அவர் கட்சி. ஆனால் அந்த வழியில் சேர்க்கக்கூடிய வீடுகள் கொஞ்சம். பெருகிக்கொண்டே போன லண்டனுக்கு அது போதாது.

டார்பிஷயர் ஓய்வு பெற்ற பிறகு பொறுப்பு தனியார் தர்மத்திலிருந்து நகராட்சிக்கு மாறத் தொடங்கியது. கொலம்பியா ஸ்கொயருக்கு நடந்து போகும் தூரத்தில், ஓல்ட் நிக்கல் சேரியை இடித்து லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய பவுண்டரி எஸ்டேட் 1900-ல் திறக்கப்பட்டது. நடுவில் வட்டப் பூங்கா, பட்டை பட்டையாக வண்ணச் செங்கல். எவரும் அதைச் சிறைச்சாலை என்று சொல்லவில்லை. இடித்தபோது வெளியேறியவர்கள் 5,719 பேர். புது வீட்டில் குடியேற முடிந்தவர்கள் அவர்களில் 11 பேர்.

டார்பிஷயரின் கட்டடங்களில் பல இன்னும் நிற்கின்றன. கணிசமானவை பீபாடி வசமே இருக்கின்றன. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முதல் கட்டடம் பின்னாளில் விற்கப்பட்டுத் தனியார் அடுக்ககமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் மற்றவற்றைப் புதுப்பித்தபோது செய்த முதல் வேலை, அடுத்தடுத்த குடித்தனங்களைச் சேர்த்துப் பெரிதாக்கி, கழிப்பறையையும் குளியலறையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. உள்சுவர்களும் சுமை தாங்கும் செங்கல் சுவர்கள் என்பதால் நினைத்த இடத்தில் உடைக்க முடியாது. வாசலுக்கு மட்டும் திறப்பு விட்டு, மேலே உத்தரம் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது, ஒவ்வொன்றும் விசாலமாயிற்று. வெளியே பார்த்தால் சன்னல் வரிசை 1870-களில் இருந்தபடியே இருக்கிறது.